கலங்கல் எந்தப் பக்கம்?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் "மழைக்காலம் வருகிறது, வெள்ளத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். ராசிபலன் பக்கத்துக்கு வருவதைவிட அதிகமாகக் கடிதங்கள் வந்துவிட்டன. முக்கால்வாசி சென்னையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும்தான், அதனால் இந்த முறை முழுக்கச் சென்னைத் தண்ணீர். மற்ற ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊரிலும் ஏரியும் கால்வாயும் அதன் மேல் ஒரு பஸ் ஸ்டாண்டும் கட்டாயம் இருக்கும்.

கேள்வி: செம்பரம்பாக்கம் ஏரி 20 அடியைத் தாண்டியது என்று டிவியில் ஓடினாலே எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜை மேஜை மேல் ஏற்றிவிடுகிறோம். 2015இல் பட்டது போதும். அந்த ஏரியை நிரம்ப விடாமல் வைத்திருக்கக் கூடாதா?
– ஒரு வாசகி, முடிச்சூர்

ஃப்ரிட்ஜை ஏற்றுவது நல்ல பழக்கம்தான் அம்மா, ஆனால் நீங்கள் பயப்படுகிற ஏரி வேறு, உங்களை மூழ்கடித்த ஏரிகள் வேறு. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் குன்றத்தூர்ப் பக்கமாக வந்து திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்தக் கூடுமிடத்துக்கு மேலே, அதாவது ஆற்றின் தலைப்பக்கம் இருக்கின்றன. செம்பரம்பாக்கத்தில் திறந்த தண்ணீர் சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் போகும், திரும்பி முடிச்சூருக்கு ஏறி வராது.

உங்கள் வாசலுக்கு வந்தது, கூடுவாஞ்சேரி, நந்திவரம், ஊரப்பாக்கம், ஆதனூர், மண்ணிவாக்கம் என்று தெற்கே இருக்கிற ஏரிகளின் தண்ணீரும், மேற்கே ஒரத்தூர், படப்பை, மணிமங்கலம் பக்கத்துத் தண்ணீரும். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. நவம்பர் முழுக்கப் பெய்து ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்த ஏரிகள், வந்ததை அப்படியே அடுத்த ஏரிக்குத் தள்ளின, அது அதற்கடுத்ததற்கு. இந்தச் சின்ன ஏரிகள் எத்தனை அடி நிரம்பியிருக்கின்றன என்று எந்த டிவியிலும் ஓடாது. பெரும்பாலானவற்றில் திறந்து மூட ஷட்டரே கிடையாது. நிரம்பினால் கலங்கல் என்கிற வழிந்தோடி வழியாகத் தானாக வழியும், அவ்வளவுதான் ஏற்பாடு. வழிந்த தண்ணீர் போன இடத்தில் நஞ்சை இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. இப்போது அங்கே நகர் நகராக மனை போட்டிருக்கிறோம், போதாததற்கு வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் குறுக்கே கரை மாதிரி போகிறது.

2015க்குப் பிறகு, ஒரத்தூர் ஏரியையும் ஆரம்பாக்கம் ஏரியையும் சேர்த்து ஒரு நீர்த்தேக்கமாக்கி, வெள்ளத்தை மேலேயே பிடித்துவைக்கலாம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். நல்ல யோசனை. பட்டா நிலம் எடுப்பதில் சிக்கி வருஷக்கணக்காக இழுத்தது. உங்கள் கவுன்சிலரைப் பார்த்தால் செம்பரம்பாக்கத்தை விட்டுவிட்டு ஒரத்தூர் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். உங்கள் வார்டில் இல்லாத ஊர் அது, கவுன்சிலர் விழிப்பார், பரவாயில்லை.

கேள்வி: அப்படியானால் 2015இல் செம்பரம்பாக்கத்தின் மேல் தப்பே இல்லை என்கிறீர்களா?
– ஒரு வாசகர், சைதாப்பேட்டை

அப்படிச் சொல்லவே இல்லை. நீங்கள் கூடுமிடத்துக்குக் கீழே இருப்பவர், உங்கள் கணக்கு வேறு. அன்று அதிகபட்சமாக வினாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். கன அடி என்றால் மனசில் பதியாது, லாரியில் சொல்கிறேன்: 12,000 லிட்டர் தண்ணீர் லாரி கிட்டத்தட்ட 68, ஒவ்வொரு வினாடியும். ஒரு நாள் முழுக்க அப்படித் திறந்தால் இரண்டரை டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி). ஏரியின் மொத்தக் கொள்ளளவே 3.645 டிஎம்சிதான். இந்தத் திறப்பைத் தணிக்கைத் துறை தன் அறிக்கையில் கடுமையாகவே விமர்சித்தது.

ஆனால் அதே ராத்திரி, யாரும் திறக்காத தண்ணீர், நான் மேலே சொன்ன ஷட்டர் இல்லாத ஏரிகளின் தண்ணீரும் நகரத்துக்குள் பெய்ததும், அந்த 29,000க்கு மேலே வந்து சேர்ந்தது. ஷட்டரைத் திறந்த இன்ஜினியரை மட்டும் திட்டுவது சுலபம். அவருக்குக் கீழே ஆற்றில் எவ்வளவு ஓடுகிறது, மேலே இருக்கிற ஏரிகளிலிருந்து இன்னும் ஆறு மணி நேரத்தில் எவ்வளவு வரும், கடலில் அந்த நேரம் ஏற்றமா வற்றமா, இந்த மூன்றையும் ஒரே மேஜையில் பார்த்து முடிவெடுக்கிற ஆள் அன்று இருந்தாரா என்பதுதான் என் கேள்வி. அணையைக் கவனிக்க ஒருவர், ஊரைக் கவனிக்க இன்னொருவர் என்றுதான் இருந்தது.

கேள்வி: ரப்பர் படகு வாங்கலாம் என்று இருக்கிறேன். என்ன பிராண்டு நல்லது?
– ஒரு வாசகர், வேளச்சேரி

தெருவுக்கு ஒன்று போதும், பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: மழைநீர் வடிகால் கட்டுகிறோம் என்று மூன்று வருஷமாகத் தெருவைத் தோண்டிப் போட்டார்கள். கட்டியும் முடித்தார்கள். முன்னே முழங்கால் அளவு நின்ற தண்ணீர் இப்போது இடுப்பளவு நிற்கிறது. இது எப்படி சார்?
– ஒரு வாசகர், மடிப்பாக்கம்

என் சொந்தக் கதையைச் சொல்கிறேன், உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். நான் முன்பு குடியிருந்த புறநகர்த் தெருவில் (ஊர் பெயர் வேண்டாம், அந்த அலுவலகத்துக்காரர்கள் இன்னும் என் வீட்டு வழியாகத்தான் போகிறார்கள்) புதுசாகக் கான்கிரீட் வடிகால் போட்டார்கள். மூடியெல்லாம் அழகாக, பெயின்ட் அடித்து நம்பர் எழுதி. முதல் மழைக்கு நானும் எதிர்வீட்டுக்காரரும் குடையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க நின்றோம். வடிகாலுக்குள் தண்ணீர் வந்தது, ஆனால் எங்கள் தெருவிலிருந்து அல்ல, மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு! மூடியின் ஓட்டை வழியாக ஊற்று மாதிரிக் குமிழ்ந்து வெளியே வந்தது. ஒரு செருப்பு, இரண்டு பால் கவர், ஒரு தேங்காய் மூடி, வரிசையாக எங்கள் வாசலில் வந்து நின்றன. விசாரித்தால், எங்கள் வடிகால் போய்ச் சேர வேண்டிய பெரிய கால்வாயைக் கீழே அகலப்படுத்தவே இல்லை. அது வேறு ஒரு துறை, அந்த வேலைக்கு அடுத்த வருஷம்தான் டெண்டர். கீழே அடைத்துக்கொண்டு நின்ற தண்ணீருக்கு, எங்கள் தெருவுக்குள் வர சிமென்ட் பூசி வழுவழுப்பான வழி போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

வடிகால் வேலையைக் கடைசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதலில் முகத்துவாரம், அப்புறம் ஆறு, அப்புறம் கால்வாய், கடைசியில் தெரு. நாம் செய்வது பெரும்பாலும் தலைகீழ், ஏனென்றால் தெரு வேலைக்குத்தான் சீக்கிரம் ஆர்டர் கிடைக்கும், அது தெருக்காரர் கண்ணிலும் படும், தேர்தலுக்கும் உதவும். உங்கள் மடிப்பாக்கத்துத் தண்ணீர் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத்தான் போயாக வேண்டும். அந்தச் சதுப்பு நிலத்துக்கு வெளியேறும் வழி ஒக்கியம் மடுவு என்கிற நீர்வழி ஒன்றுதான். அதைத் தாண்டினால் பக்கிங்காம் கால்வாய், அதிலிருந்து தெற்கே முட்டுக்காடு, அப்புறம்தான் கடல். மடுவில் ஓர் அடி தண்ணீர் கூடுதலாகத் தேங்கி நின்றால், உங்கள் தெரு வடிகாலைப் பத்து அடி ஆழமாகப் போட்டாலும் ஒன்றும் ஆகாது.

கேள்வி: அந்தத் தண்ணீருக்கு யார் பொறுப்பு என்று ஒரே ஒரு ஆபீஸ் பெயரைச் சொல்லுங்கள், நான் மனு கொடுக்கிறேன்.
– ஒரு வாசகர், கீழ்க்கட்டளை

ஒன்று போதாது. உங்கள் ஊர் வழியாகப் போகிற ஏரிச் சங்கிலியையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலையூர் பக்கத்திலிருந்து நடந்தே போகலாம், நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச தூரம் போயிருக்கிறேன், வெயிலுக்குத் தொப்பி அவசியம்.

செம்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்தால் நன்மங்கலம் ஏரிக்கு வரும். அதிலிருந்து உங்கள் கீழ்க்கட்டளை ஏரி, அதிலிருந்து நாராயணபுரம் ஏரி, அதிலிருந்து பள்ளிக்கரணை. செம்பாக்கமும் கீழ்க்கட்டளையும் தாம்பரம் மாநகராட்சி, நடுவில் நன்மங்கலம் ஊராட்சி, நாராயணபுரம் வந்தால் சென்னை மாநகராட்சி. மாவட்டமும் செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு மாறிவிடும். பெரிய ஏரி என்றால் நீர்வளத் துறை. ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், 100 ஏக்கருக்குக் குறைவான சின்ன ஏரி, குளம் என்றால் உள்ளாட்சி. குறுக்கே பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலை, அதன் அடியில் இருக்கிற பாலம் நெடுஞ்சாலைக்காரர்களுடையது. சதுப்பு நிலத்தில் காப்புக்காடாக அறிவித்த பகுதிக்கு வனத்துறை. பக்கிங்காம் கால்வாய்க்கு மறுபடியும் நீர்வளத் துறை. ஏரிக்குள் கழிவுநீர் கலக்கிறது என்றால் அது வேறு ஆபீஸ், ஏரிக்கரையில் யாருக்கு மனை அப்ரூவல் கொடுப்பது என்பது சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். ஒரு மழைத்துளி செம்பாக்கத்தில் விழுந்து கடலுக்குப் போவதற்குள் இத்தனை பேர் எல்லையைத் தாண்டுகிறது, ஒவ்வொருவரும் தன் எல்லைக்குள் வந்ததைச் சீக்கிரம் அடுத்தவர் எல்லைக்குத் தள்ளினால் தன் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அதை அவர்கள் சரியாகவும் செய்கிறார்கள், அதுதான் கஷ்டமே. மேலே ஒருவர் கால்வாயை அகலமாக்கித் தண்ணீரை வேகமாக அனுப்பினால் கீழே இருப்பவருக்கு அது வெள்ளம்.

நீர்ப்பிடிப்புப் பகுதி வாரியாகத் திட்டமிடுவது என்று சொல்வது இதைத்தான். வார்டு, மண்டலம், மாவட்டம் என்ற கோடுகளை அழித்துவிட்டு, செம்பாக்கம் முதல் முட்டுக்காடு வரை ஒரே வரைபடம் போட வேண்டும். எந்த ஏரி எவ்வளவு பிடிக்கும், எந்தக் கால்வாய் வினாடிக்கு எவ்வளவு தாங்கும், எந்தப் பாலம் கழுத்தை நெரிக்கிறது என்று ஒரே கணக்கு. அந்தக் கணக்குக்குக் கையெழுத்துப் போட ஒரே ஆள். மனு கொடுப்பதாக இருந்தால் மாவட்ட ஆட்சியருக்கே கொடுங்கள். இரண்டு பிரதி எடுங்கள், இரண்டு ஆட்சியர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: வடிகாலை இன்னும் பெரிசாகக் கட்டினால் தீராதா?
– ஒரு மாணவர், அம்பத்தூர்

ஒரு கிரவுண்டு மனை, 2,400 சதுர அடி. அதில் 10 செ.மீ. மழை பெய்தால் விழுவது 22,000 லிட்டருக்கு மேல், கிட்டத்தட்ட இரண்டு லாரி. அன்று தாம்பரத்தில் பெய்த 49 செ.மீ. என்றால் ஒன்பது லாரி. மண்ணாக இருந்தால் கொஞ்சம் உறிஞ்சும், கொஞ்சம் தேங்கி நின்று மெல்லப் போகும். டைல்ஸ் போட்டுவிட்டால் மொத்தமும் உடனே தெருவுக்கு வரும். உங்கள் தெருவில் எத்தனை வீடு என்று எண்ணிப் பெருக்கிப் பாருங்கள், அதற்குத் தகுந்த வடிகால் கட்டினால் அதுதான் தெருவாக இருக்கும், வீட்டுக்குப் படகில்தான் போக வேண்டும். வேளச்சேரி நண்பர் முந்திக்கொண்டார். வந்த தண்ணீரை வழியிலேயே ஆங்காங்கே சில மணி நேரம் உட்கார வைத்து அனுப்புவதுதான் வழி. ஏரிகள் காலங்காலமாகச் செய்துவந்த வேலை அதுதான்.

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் லாரி லாரியாக மண் எடுத்து ஆழமாக்கினார்கள். இனி வெள்ளமே வராது என்று போர்டும் வைத்தார்கள். போன வருஷமும் வந்தது.
– ஒரு வாசகி, மண்ணிவாக்கம்

மண் எடுத்தது தண்ணீர் சேமிக்க உதவும். வெள்ளத்துக்கு அவ்வளவாக உதவாது. இதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது, கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஏரி என்பது மூன்று பக்கம் கரை உள்ள ஒரு தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாசனத்துக்குத் திறக்கிற வழி மதகு, கீழே இருக்கும். நிரம்பினால் வழிகிற இடம் கலங்கல், மேலே இருக்கும். வெள்ளத்தைத் தாங்க உதவுவது, மழை வரும்போது இருக்கிற தண்ணீர் மட்டத்துக்கும் கலங்கலுக்கும் நடுவில் உள்ள காலி இடம் மட்டும்தான். அடியில் பத்து அடி பள்ளம் தோண்டினாலும் ஐப்பசி முதல் மழைக்கே அது நிரம்பிவிடும். கார்த்திகையில் பெருமழை வரும்போது ஏரி தளும்பிக்கொண்டுதான் நிற்கும், தோண்டிய பள்ளம் அடியில் தூங்கும்.

முன்பு அந்தக் காலி இடத்தை உண்டாக்க ஆள் இருந்தது. மதகைத் திறந்தால் வயலுக்குப் போகும், நீர்கட்டி என்று ஊரில் ஒருவர் அதற்கென்றே இருப்பார், அறுவடையில் அவருக்குப் பங்கு. பழைய கலங்கல்களைப் பார்த்திருக்கிறீர்களா? மேலே வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருக்கும், ஒரு முழ இடைவெளி விட்டு. மழை குறைந்த வருஷத்தில் அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணும் புல்கட்டையும் வைத்து அடைத்து ஓரிரு அடி கூடுதலாகத் தேக்குவார்கள். ஆபத்து என்றால் ராத்திரியோடு ராத்திரியாகத் தட்டிவிடுவார்கள். இதற்காக ஏரிக்கு உள்ளே நிலம் வைத்திருப்பவருக்கும் கீழே ஆயக்கட்டில் இருப்பவருக்கும் அடிதடி நடக்கும், அது வேறு கதை. ஷட்டர் இல்லாத காலத்து ஷட்டர் அந்தக் கற்கள்தான். இப்போது ஆயக்கட்டு முழுக்க மனையாகிவிட்டது, மதகுக்குக் கீழே கால்வாய் இல்லை, வீடு இருக்கிறது. திறந்தால் யாருடைய ஹாலுக்குள் போகும் என்பதுதான் கேள்வி. அதனால் மதகு துருப்பிடித்து மூடியே கிடக்கிறது, ஏரி வருஷம் முழுக்க நிரம்பியபடி, படகு விட அழகாக இருக்கிறது.

உங்கள் ஏரியின் கலங்கலில் திறந்து மூடுகிற ஷட்டர் வைத்து, பெருமழைக்கு இரண்டு நாள் முன்னாலேயே மட்டத்தைக் குறைக்கலாம். ஆனால் கீழே உள்ள ஏரிக்காரருக்குச் சொல்லாமல் திறந்தால் அவர் தலையில் விழும். அவரும் அவருக்குக் கீழே உள்ளவரும் முன்னதாகவே குறைத்திருக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் சரி செய்ய முடியாது. மதுராந்தகத்தில் கரை உடையாமல் ராமரே வந்து காவல் நின்றார் என்று கதை உண்டு, ஏரிகாத்த ராமர் கோயிலே இருக்கிறது. எல்லா ஏரிக்கும் அவரை போஸ்டிங் போட முடியாது.

கேள்வி: ஏரியைக் காலி பண்ணச் சொல்கிறீர்கள். 2019 மறந்துவிட்டதா?
– ஒரு வாசகர், கொளத்தூர்

மறக்கவில்லை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டன, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. குடிநீர்க்காரர்களுக்கு ஏரி எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும், வெள்ளத் தடுப்புக்காரர்களுக்குக் காலியாக இருக்க வேண்டும். இரண்டுமே நியாயம்தான். அக்டோபரில் கொஞ்சம் இடம் விட்டுவைத்து, டிசம்பர் கடைசியில் நிரப்பி முடிக்கிற மாதிரி தேதிவாரியாக ஒரு மட்டம் வைத்துக்கொள்ளலாம், மழைக் கணிப்பு சரியாக இருந்தால். கணிப்பு தவறி, காலி செய்த ஏரி நிரம்பாமலே போனால், அந்த இன்ஜினியரைக் கோடையில் கிழிப்போம். அவர் ஏன் கடைசி நிமிஷம் வரை ஷட்டரைத் தொடாமல் இருக்கிறார் என்பது புரிகிறதா?

கேள்வி: மணலி புதுநகர்க்காரன். எங்களுக்குக் கொசஸ்தலையாற்றுத் தண்ணீர் வந்து நிற்கிறது. இதற்கும் ஏரிச் சங்கிலிதானா?
– ஒரு வாசகர், மணலி

உங்கள் சங்கிலி இன்னும் நீளம், ஆந்திரத்திலேயே ஆரம்பிக்கிறது. அம்மபள்ளி அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டுத் தரைப்பாலங்கள் மூழ்கும், அப்புறம் தண்ணீர் பூண்டிக்கு வரும். பூண்டி 1944இல் கட்டியது, 3.2 டிஎம்சி பிடிக்கும். அதற்கு மேல் வருவது தாமரைப்பாக்கம், வல்லூர் தடுப்பணைகளைத் தாண்டி உங்களிடம் வந்து, எண்ணூரில் கடலில் சேர வேண்டும். 2021 நவம்பரில் உங்கள் ஊரில் நடந்தது உங்களுக்கே தெரியும். நடுவே கேசாவரம் அணைக்கட்டில் இந்த ஆற்றுத் தண்ணீரில் ஒரு பங்கு கூவத்துக்குப் பிரிகிறது, அங்கே ஒரு பலகையை ஏற்றி இறக்குவது உங்களுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்காரருக்கும் நடுவில் பங்கு பிரிப்பது மாதிரி. எண்ணூர்க் கழிமுகமும் குறுகிக்கொண்டே வருகிறது, அதைப் பற்றி மீனவர்கள் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது.

கேள்வி: கூவம் ஓரத்தில் குடிசையில் இருந்தோம். ஆற்றில் வெள்ளம் வரும், ஆபத்து என்று பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். இங்கேயும் தண்ணீர்தான். எங்களை எதிலிருந்து காப்பாற்றினார்கள்?
– ஒரு வாசகி, பெரும்பாக்கம்

இதற்கு என்னிடம் நகைச்சுவையான பதில் இல்லை. ஒரு ஆற்றின் வெள்ளத்திலிருந்து எடுத்து, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத் தண்ணீர் வருகிற பாதையில் எட்டு மாடியில் வைத்தார்கள். செம்மஞ்சேரியிலும் அப்படித்தான். ஆற்றங்கரையைச் சீரமைக்கிற துறையின் கணக்கில் உங்கள் குடிசை ஒரு இடையூறு, வீடு கட்டுகிற துறையின் கணக்கில் பெரும்பாக்கம் கிடைத்த ஒரு நிலம், இரண்டு கணக்கையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்திருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர், இன்று அதில் சிறு பங்குதான் மிச்சம். 2022இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவித்தார்கள். அதைச் சாப்பிட்டதில் ஐடி கம்பெனி வளாகம் உண்டு, குப்பைமேடு உண்டு, ரயில் நிலையம் உண்டு, சாலை உண்டு. ஆக்கிரமிப்பு என்ற வார்த்தை மட்டும் குடிசைக்குத்தான் சீக்கிரம் ஒட்டும்.

கேள்வி: வெளிநாட்டில் எங்காவது இதை ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா? சிங்கப்பூர் என்று சொல்லிவிடாதீர்கள்.
– ஒரு வாசகர், கோவை

சொல்லவில்லை. ஜப்பானில் யோகோஹாமா பக்கம் சுருமி என்று ஒரு ஆறு, அடையாறு மாதிரியே சின்னது, கரையெல்லாம் வீடு. அங்கே ஆற்றங்கரையோரத்தில் ஒரு பெரிய தாழ்நிலத்தை வெள்ளம் தேங்குவதற்கென்றே வைத்துவிட்டு, அதன் மேல் தூண்கள் நட்டு ஸ்டேடியம் கட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 39 லட்சம் கன மீட்டர் பிடிக்கும். 2019 அக்டோபரில் ஹகிபிஸ் புயல் அடித்தபோது ஸ்டேடியத்தின் அடியில் வெள்ளம் வந்து தேங்கியது, அடுத்த நாள் மேலே உலகக்கோப்பை ரக்பி ஆட்டம் நடந்தது, ஜப்பானும் ஸ்காட்லாந்தும். எனக்கு ஸ்டேடியத்தைவிடப் பிடித்தது வேறு: இதற்கென்று அறிவித்த ஆற்றுப் படுகைகளில் 1,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுமானம் செய்கிறவர், தன் நிலத்தில் பெருகிற கூடுதல் மழைநீரைத் தானே தேக்கி வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2003இலேயே சட்டம் போட்டார்கள். கட்டுகிறவர் மேட்டில், நனைகிறவர் பள்ளத்தில் என்ற கணக்கை அது கொஞ்சம் சரி செய்கிறது.

இங்கேயும் அந்த மாதிரி ஒன்று ஆரம்பித்திருக்கிறது. கிண்டி குதிரைப் பந்தய மைதானத்து நிலத்தை 2024இல் அரசு எடுத்துக்கொண்ட பிறகு அங்கே குளங்கள் வெட்டினார்கள். குதிரை ஓடின இடத்தில் வேளச்சேரிக்குப் போகிற தண்ணீர் கொஞ்ச நேரம் நிற்கட்டும், நல்லதுதான்.

கேள்வி: 2021இல் கமிட்டி போட்டார்களே, அது என்ன ஆயிற்று?
– ஒரு வாசகர், தி.நகர்

ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி திருப்புகழ் தலைமையில் போட்ட வெள்ளத் தடுப்புக் குழு, 2023 மார்ச்சில் முதல்வரிடம் அறிக்கை கொடுத்தது. உங்கள் தி.நகர் மூழ்கிய பிறகுதான் போட்டார்கள். தி.நகரே மாம்பலத்தின் பழைய நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் உருவான ஊர், அதனால் தண்ணீர் பழைய வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறது. ஆரணியாறு முதல் கோவளம் வரை எல்லா ஆற்றுப் படுகைக்கும் சேர்த்து மழை, ஏரி மட்டம், ஆற்றின் ஓட்டம் எல்லாவற்றையும் உடனுக்குடன் கணக்குப் போடுகிற வெள்ள முன்னறிவிப்பு மையமும் வந்திருக்கிறது. 2015இல் இல்லாத அந்த ஒரே மேஜை இப்போது இருக்கிறது. மேஜையில் தெரிகிறதை வைத்து, தாம்பரத்துக்காரரை "நீ நிறுத்து", சென்னைக்காரரை "நீ திற" என்று சொல்கிற அதிகாரம் யாரிடம் என்பது எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் படம் காட்டும், ஷட்டரைத் திருப்ப ஆள் வேண்டும்.

கேள்வி: படப்பை பக்கம் மனை பார்த்திருக்கிறோம். அப்ரூவல் எல்லாம் இருக்கிறது, புரோக்கர் நல்ல மனிதர். வாங்கலாமா?
– ஒரு தம்பதி, குரோம்பேட்டை

புரோக்கர் நல்லவராகவே இருக்கட்டும். அப்ரூவல் இருந்தால் மனைக்குச் சட்டம் இருக்கிறது என்று அர்த்தம், மேடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தைக் கேட்டு வாங்கி, உங்கள் மனையின் சர்வே நம்பரைச் சுற்றி ஓடை, வாய்க்கால், ஏரிப் புறம்போக்கு என்று எங்கே எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஊர்ப் பெயரில் தாங்கல், ஏரி, மடு, ஓடை என்று இருந்தால் இன்னொரு முறை பாருங்கள். பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. ஏப்ரலில் போய்ப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள், கார்த்திகை வரை பொறுங்கள்.

அப்புறம், மனைக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து, எழுபது வயசுக்கு மேல் இருக்கிற யாரிடமாவது "ஐயா, இங்கே ஏரி கலங்கல் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். அவர் கையை நீட்டி நீங்கள் வாங்கப் போகிற மனையைக் காட்டினால், டீக்குக் காசு கொடுத்துவிட்டு குரோம்பேட்டைக்கே திரும்பி வந்துவிடுங்கள்.